நிறுத்தி வைத்த கப்பல்கள்

ஓசூர்
21.8.1997, வியாழக்கிழமை

அன்பு மகள் ஃபகருன்னிசாவுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். பழைய கம்பிக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக நிமிர்த்திப் போட்ட மாதிரி எழுத்துகள் மேலும் கீழுமாகக் கிடக்கும். கோடு போட்ட தாள் வாங்கியும் கோட்டின் மேல் நிற்கமாட்டேன் என்கின்றன. இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்ல மற்றவர்கள் எழுதியவை. இது என் கை. அறிவொளி வகுப்பில் சாந்தம்மா டீச்சர் போன மாதம்தான், இனிமே ஆள் தேட வேணாம் பாய், நீங்களே எழுதலாம் என்று சொன்னார். நான் முதலில் எழுதப் பழகியது உன் பெயரைத்தான். தொடக்கத்தில் மூன்று புள்ளி வருகிறதே, மேலே ஒன்று கீழே இரண்டு, அதைப் பலகையில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். டிவியில் நாம் ஆடும் கப்பல் ஆட்டத்தில் முதல் ஸ்டேஜில் மேலேயிருந்து இறங்கி வருமே எதிரிக் கப்பல்கள், அதே வரிசை. என்ன சிரிப்பு என்று டீச்சர் கேட்டார். சொன்னால் அவருக்கு விளங்காது என்று சும்மா இருந்துவிட்டேன். உனக்கு விளங்கும்.

இங்கே நானும் உன் அம்மாவும் இறைவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை காஜா மொய்தீனும் நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உத்தனப்பள்ளியில் என் தங்கை ரோஷன் பீ வீட்டில் தக்காளி வியாபாரம் பரவாயில்லை, போன வாரம் ஒரு கூடை கொடுத்தனுப்பினாள், தினமும் தக்காளிச் சோறுதான். நம் பழைய இரும்புக் கடையில் சரக்கு குறைவு. சிப்காட்டில் இரண்டு பேக்டரி லாட் ஏலம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன ஞாயிறு நீ பூத்துக்குப் போன் செய்தபோது, ஆட்டத்தை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன் கண்ணு என்று சொன்னேன். எந்த ஆட்டம் அத்தா என்று கேட்டாய். என் பின்னால் ஷிப்டு முடிந்த பையன்கள் வரிசையாக நின்றார்கள், ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் தராசு முன்னால் நின்றால் வீட்டு நினைப்பு. வீட்டுக்கு வந்தால் அந்த ஆட்டப் பெட்டியைப் பார்ப்பதும் வாசலுக்குப் போவதுமாக இருக்கிறேன்.

உனக்கு நினைவு வருவதற்காகச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கியிருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்தார்கள். லாட்டில் எடுத்தால் வேண்டியது வேண்டாதது எல்லாம் சேர்த்துத்தானே அள்ள வேண்டும், கட்டில், மின்விசிறி, கிழிந்த மெத்தை இவற்றுக்கு அடியில் கிடந்தது அந்த டிவி கேம். நான் ஏதோ ஸ்டெபிலைசர் என்று நினைத்து உடைத்து எடை போடப் பார்த்தேன். டிவி ரிப்பேர் கடை முனிராஜ்தான் ஓடி வந்து, பாய் பாய் உடைச்சிராதீங்க, இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று பிடுங்கி நம் டிவியில் மாட்டிக் கொடுத்தான். கூடவே ஒரே ஒரு கேசட், மேலே ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து பெயர் போய்விட்டது. நாமே வைத்த பெயர்தான் கப்பல் ஆட்டம். சிவப்புக் கப்பல் உனக்கு, நீலம் எனக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வந்ததும் தட்டைக்கூட எடுக்கவிடாமல் உட்கார வைப்பாய். எனக்குக் கட்டை விரல் தடிமன், ஒரு பட்டனை அமுக்கினால் இரண்டு அமுங்கும். அத்தா நீங்க சுட வேணாம், எனக்கு முன்னால மறைச்சு நில்லுங்க, நான் சுட்டுக்கிறேன் என்று சொல்வாய். அப்படியே நிற்பேன். நட்சத்திரம் எல்லாம் மேலேயிருந்து கீழே ஓடும்போது நம் கப்பல்தான் மேலே போகிறது என்று நீ சொல்லிக்கொடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம்மால் தாண்டவே முடியாத இடம் ஒன்று உண்டு, பல் என்போமே. மேலும் கீழும் இரும்புப் பற்கள் திறந்து மூடும். எத்தனை வருஷம் ஆடினோம், கல்யாணம் ஆகி நீ போகும் வரை இரண்டு பேரும் அதில் நசுங்கிக்கொண்டே இருந்தோம். இந்த ஆடி மாதம் நீ லீவு முடிந்து கிளம்பிய அன்று, கார் வருவதற்குள் ஒரு தடவை என்று உட்கார்ந்தோம். நான், கண்ணு, இது பிரஸ் மெஷின் மாதிரிதான், இறங்கும்போது பயந்து நிற்காதே, ஏற ஆரம்பித்ததும் உள்ளே நுழைந்துவிடு என்றேன். நுழைந்தாய். உன் பின்னாலேயே நானும் நுழைந்தேன். இரண்டு பேரும் தாண்டிவிட்டோம். நீ போட்ட கூச்சலில் அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். அந்த நேரம் பார்த்து கார்க்காரன் ஹாரன் அடித்தான். நீ நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்தாய். அத்தா, இதை அணைச்சிராதீங்க, நான் வந்து மிச்சத்தை ஆடுறேன் என்று சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் சொன்னாய்.

நான் அணைக்கவில்லை. இந்தப் பெட்டியை அணைத்தால் மறுபடி முதல் ஸ்டேஜ்தான். டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டிருக்கிறேன். நம் தெருவுக்கு பேக்டரி லைன் கரண்ட், மற்ற இடம் மாதிரி அடிக்கடி போகாது. அடாப்டர் சூடானால் ஈரத்துணியை மடித்துப் பக்கத்தில் வைப்பேன், மேலே வைத்தால் ஷாக் அடிக்கும் என்று முனிராஜ் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் டிவியைப் போட்டு ஒரு பார்வை பார்ப்பேன். கருப்பு வானம், சிவப்பும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில். பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். இப்போது என்ன ஆயிற்று என்றால், நேற்று ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். கூட்டமாக நின்று பார்த்தார்கள், நானும் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை பராமரிப்புப் பணி, மின்சாரம் இருக்காது, பேக்டரி லைனும் சேர்த்து. நானே படித்தேன் என்ற சந்தோஷம் பாதித் தெரு வரைதான் வந்தது. படிப்புத் தெரியாத காலத்தில் கரண்ட் போனால் போனதுதான். இப்போது மூன்று நாள் முன்னாலேயே போகிறது.

முனிராஜிடம் ஓடினேன். அவன் தலையைச் சொறிந்து, லாரி பேட்டரியில இருந்து ரெண்டு வயர் இழுத்து, அடாப்டரைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே இதைச் சேர்த்துட்டா நிக்கும் பாய், ஆனா கை கொஞ்சம் ஆடுச்சுன்னா போச்சு, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது என்றான். திட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். திட்டுவேன் என்று அவனுக்கும் தெரியும். கை வலிக்கிறது, மிச்சம் நாளைக்கு.

வெள்ளிக்கிழமை. மேலே உள்ளதை எழுதி முடிக்கவே நேற்று ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. நீ ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவாய். இன்று ஜும்மா முடிந்து வந்து நான் சாப்பிடாமல் பெட்டியையே சுற்றிச்சுற்றி வந்ததைப் பார்த்து உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அந்தப் பொட்டிக்கு ஈரத்துணி போடறீங்களே, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு நாள் போட்டிருப்பீங்களா என்றாள். மகள் சொல்லிவிட்டுப் போனாள் ஹமீதுன்னிசா என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவ எங்க வெச்சிட்டுப் போனா, கார் வந்துருச்சு, பாதியில எழுந்து போனா. கார் வராட்டி ஆடித்தானே இருப்பா, பூட்டி வெச்சுக் காவல் காக்கவா சொன்னா? இதைச் சொல்லிவிட்டு முட்டை பொரிக்கப் போய்விட்டாள். நீ போனில் எந்த ஆட்டம் என்று கேட்டது மறுபடி மறுபடி காதில் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம். கரண்ட் வந்துவிட்டது, விளக்கில் எழுதுகிறேன். காலையில் எட்டு மணி தாண்டி முனிராஜ் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நான் டிவியைப் போட்டு நம் கப்பல்களை ஒரு தடவை பார்த்தேன். பிறகு பேட்டரி வேண்டாம் என்றேன். லாரிக்காரன்கிட்ட பொய் சொல்லிக் கழட்டிட்டு வந்திருக்கேன், இப்ப வேணாம்னா எப்படி பாய் என்று குதித்தான். டீ குடித்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தேன். நீ ஆடும் பட்டன் ரிமோட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். எனக்கு என்ன தெரியும் என்று கொஞ்ச நேரம் மறுத்தாள், அப்புறம் முக்காட்டைச் சரி செய்துகொண்டு முழங்காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் நிறுத்தும் பட்டனை மறுபடி அமுக்கினேன். நட்சத்திரம் எல்லாம் நகர ஆரம்பித்தது.

பல்லுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன் கேள். குளவிக் கூடு கலைந்த மாதிரி நாலு பக்கத்திலிருந்தும் எதிரிகள் வருகிறார்கள். நான் பழக்கப்படி முன்னால் போய் மறைத்து நின்றேன். அம்மா சுடவே இல்லை. உன் கப்பலைக் கீழ் மூலையில் கொண்டுபோய் ஒட்டவைத்துக்கொண்டு, ச்சீ, அந்தாண்ட போங்கடா என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். முனிராஜ், அக்கா, திட்டினா சாவ மாட்டான், பட்டனை அமுக்குங்க என்று கத்துகிறான். நான் எவ்வளவு நேரம் தாங்குவேன், என் நீலக் கப்பல் வெடித்துப் போய்விட்டது. உன் கப்பல் மூலையிலேயே நின்று அத்தனையும் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருமே வரவில்லை. வெறும் வானம், சின்னச் சின்ன நட்சத்திரம், மெதுவாக ஒரு பாட்டு, இத்தனை வருஷம் நாம் கேட்காத பாட்டு. அம்மா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டாள். கப்பல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பத்திரமா போறா பாருங்க என்றாள். போகிறாள் என்றுதான் சொன்னாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம், ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். அத்தா அணைத்துவிட்டாரே என்று நீ வருத்தப்படாதே, எந்த ஆட்டம் என்று கேட்டதற்கும் வருத்தப்படாதே. நீ எப்போது வந்தாலும் முதலிலிருந்து ஆடலாம், பல் வரைக்கும் நமக்கு வழி தெரியும், அதற்கப்புறம் மூலையில் நிற்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லித் தருவாள்.

ஏசி நேராக முகத்தில் படுகிற மாதிரி படுக்காதே. மாப்பிள்ளைக்கு சலாம் சொல். ரோஷன் பீக்கு ஒரு வரியாவது எழுது, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்கள் இருவரையும் இறைவன் குறைவில்லாமல் வைக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு எதிரில் யாரும் வராமல் இருக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை உன் அம்மா தனியாகப் பல்லைத் தாண்டிக் காட்டுவதாகச் சவால் விட்டிருக்கிறாள். நசுங்கினாளா தப்பினாளா என்று அடுத்த வாரம் இதே கையால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
குலாம் ரசூல்