திறக்காத பெயர்கள்

செவ்வாய், இரவு

பீங்கான் மண் ஆராய்ச்சிக்காக அக்கா ஒரு சூளையின் பழைய நோட்டுகளைப் படம் எடுத்து, ஒரு பென்டிரைவில் மட்டும் வைத்திருந்தாள். அவள் லேப்டாப்பில், ஆய்வுக் குறிப்புகளைத் தொகுக்கும் மேற்கோள் மென்பொருளில் அவற்றைப் பெயரிட்டு அடுக்கியது நான்தான். பிறகு பென்டிரைவைச் சுத்தமாக அழித்து, மாதா கோயில் திருவிழா வீடியோவுக்காகக் கேட்ட அப்பாவிடம் கொடுத்தேன்.

இன்று ஒரு படமும் திறக்கவில்லை. உதவிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. நான் சேர்த்தது படங்களை அல்ல, பென்டிரைவில் அவை இருந்த இடத்தை மட்டும்தான்.

"லேப்டாப்பு மக்கர் பண்ணுதுடி. நாளைக்கு கைடுகிட்ட என்னத்தக் காட்டுறது?" என்றாள் அக்கா.

"திரும்பப் போயி எடுக்க முடியாதாக்கா?"

"நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்களாம். நீ அடுக்கி வெச்சிருக்கன்னு தைரியமா இருந்தேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் அறைக்கு வந்துவிட்டேன். பக்கத்து அறையில் அவள் ஒவ்வொரு பெயராக அழுத்திப் பார்க்கும் சத்தம் கேட்கிறது. கடைசிப் பெயர்வரை பார்ப்பாள்.