பம்பரத்தின் அந்த இரண்டு நாள்

அன்பு மகளுக்கு,

நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதை விடு. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று உன் கையால் எழுது, போனில் நல்லா இருக்கேன்மா என்று நீ இழுக்கிற இழுப்பை நான் நம்புவதில்லை. கீழ்வீட்டு நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், இனி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் நடக்க வேண்டும். உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற தூசியெல்லாம் தெரிகிறதாம், போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் கிளப்பில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள், அவர் போய் ஒரு வருஷம் ஆகிறதல்லவா. எனக்குப் போகவே மனசில்லை, செயலாளர் வண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். நீ வந்தால் என் கால் பின்னிக்கொள்ளும் என்று சொல்லி என்னை ஒரு மேட்சுக்குக்கூட வரவிடாத மனிதர் உன் அப்பா. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, மைதானத்திலிருந்து வருகிற சத்தத்தை வைத்துத்தான் கோல் நமக்கா அவர்களுக்கா என்று தெரிந்துகொள்வேன். அவர் ஓடியாடிய காலத்தில் எட்டிப் பார்க்காத இடத்தில், அவர் இல்லாதபோது போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். உடை மாற்றுகிற அறைக்குப் பக்கத்து நீள அறை, ஈரக் காலுறை நாற்றம் சுவரிலேயே ஊறிக் கிடக்கிறது. கிழவன் முதல் குழந்தை வரை எல்லார் முதுகிலும் அப்பாவின் எட்டாம் நம்பர். எனக்கு எப்படி வயிறு எரிந்தது தெரியுமா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெல்டிங் கடைக்காரர் முதலில் எழுந்தார். ஒருதரம் கோல் போட்டதும் அண்ணன் வேலியைத் தாண்டி வந்து, என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு அக்கா, அந்தச் சட்டையை நான் இன்னும் தோய்க்கல என்று என்னைப் பார்த்தே சொன்னார். இவ்வளவு காலமாகத் தோய்க்காத சட்டையைப் பற்றி அவர் வீட்டுக்காரி என்ன நினைக்கிறாளோ. பிறகு கிளப் பஸ் ஓட்டுகிற அம்மா எழுந்து, ஜெயித்தாலும் தோற்றாலும் திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் என் சீட்டுக்குப் பின்னால நின்னு பாடிக்கிட்டே வருவாரு, அவர் பாடினா எனக்குத் தூக்கமே வராது என்றாள். பாடுவாராம். என் காதுபட அந்த மனிதர் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. அவர்களுக்கு அவர் பம்பரமாம், நிற்காமல் சுற்றுவாராம். நம் வீட்டில் அந்தப் பம்பரம் கயிறு தொலைந்த மாதிரி நாற்காலியில் கிடக்கும், தண்ணீர் செம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடும், நீயே பார்த்திருக்கிறாய். என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய ஆளை இவர்கள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. சிரித்தது, அழுதது, பாடியது எல்லாம் அங்கே, கிழிந்த காலுறையும் கால்வலியும் மட்டும் இங்கே.

நடுவில் ஒருத்தர் அப்பாவின் புருவத் தழும்பைப் பற்றிப் பேசினார். அரையிறுதியில் எதிராளியின் பூட்ஸ் பட்டுப் பிளந்ததாம், ரத்தம் வழிய வழிய ஆடினாராம், சொல்லும்போதே பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது நம் சமையலறை மேல் அலமாரிக் கதவு, மகளே. கீழே விழுந்த டீத்தூள் டப்பாவை எடுக்கக் குனிந்தவர் நிமிரும்போது இடித்துக்கொண்டார், போட்ட தையல் மறுநாள் மேட்சில் பிரிந்துவிட்டது, அவ்வளவுதான் கதை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் இவ்வளவு தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அதை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் செயலாளர் மைக்கை என் கையில் திணித்தார். அந்த இறுதி ஆட்டத்தில் அண்ணன் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துக் கோப்பை கைவிட்டுப் போனதே, அதற்குப் பிறகு ரெண்டு நாள் அண்ணன் எங்க போனாருன்னே தெரியல, தெருத் தெருவாத் தேடினோம், வீடு பூட்டிக் கிடந்துச்சு, அந்த ரெண்டு நாள் என்ன செஞ்சாரு, என்ன சொன்னாரு, அது ஒண்ணுதான் எங்ககிட்ட இல்ல, நீங்கதான் சொல்லணும், நினைவு மலர்ல அதுக்குன்னு ஒரு பக்கம் விட்டு வச்சிருக்கோம் என்றார். வெல்டிங் கடைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை காலமும் அவர்களுக்கும் என்னை நினைத்து வயிறு எரிந்திருக்கிறது. வீட்டுலதான் இருந்தாரு, நான் பார்த்துக்கிட்டேன் என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெளியே வரும்போது பஸ் ஓட்டுகிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதாரா அக்கா என்று காதோடு கேட்டாள். படி ஈரமா இருக்கு, பார்த்து வா என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நீயும் போனில் கேட்டாய். சொல்லியிருக்கலாமேம்மா, அவங்க அப்பா மேல உயிரையே வச்சிருக்காங்க, சரி, எனக்காவது சொல்லு என்றாய். உன்னை அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தது நான்தான். செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைத்து, முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்பக்கமாக உள்ளே வந்ததும் நான்தான். ஊரே வந்து கதவைத் தட்டியது. உள்ளே அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பதை உனக்கும் சொல்ல மாட்டேன். அவர் ஆட்டத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மூக்கையும் முன்கோபத்தையும் நீ எடுத்துக்கொண்டாய், நான் ஏதாவது தகராறு செய்தேனா. இது என்னுடையது. கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

குட்டி புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறான் என்றாயே, தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டு. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நிறைந்து வாழுங்கள், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கிறது.

மறந்துவிடாதே, அந்தச் செயலாளர் உன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அம்மா உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாங்களா என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்று சொல். உன்னைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்றுதான் உன்னிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா