மூன்று ஞாயிறு

12 ஒக்ரோபர், ஞாயிறு

மகன் சுதனில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வெளிநாட்டில், நோர்விச்சில் வேலை செய்கிறவன் இன்றைக்கும் ஒரு படம் அனுப்பினான். சக்கிமுக்கிக் கல்லால் கட்டின பழைய தேவாலயம், வாசலிலேயே கல்லறைகள். அந்த ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்குதாம். பழங்கட்டிடம் பார்க்கப் போனானாம். ஆனால் போன ஞாயிறும் இதே தேவாலயம்தானே.

"என்னடா, போன கிழமை பாத்து முடியேல்லையோ?"

"அடுத்த ஞாயிறும் போகோணும் அம்மா. மூண்டு ஞாயிறு கட்டாயம்" என்றவன், சட்டென்று மழையைப் பற்றிக் கதைக்கத் துவங்கினான். இங்கே கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் கால் நோகுது என்கிற பிள்ளை.

பக்கத்து வீட்டு மேரி அக்கா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவ. மூன்று ஞாயிறு என்னத்துக்கு என்று அவவிடம் கேட்டேன்.

"கலியாணத்துக்கு முன்னம்தான் மூண்டு ஞாயிறு எங்கட கோயிலில மாப்பிளை பொம்பிளையின்ர பேர் வாசிக்கிறது. ஆருக்கும் மறுப்பு இருக்கோ எண்டு சனத்திட்டக் கேப்பினம், இருந்தா எழும்பிச் சொல்லலாம்."

"அப்ப நான் வெள்ளைக்காரி மாதிரித் தொப்பியும் போட்டுக்கொண்டு கடைசி வாங்கில போய் இருக்கட்டோ அக்கா?" என்று பகிடி விட்டேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா. நான் அந்தப் படத்தை எடுத்துத் திரும்பவும் பார்த்தேன்.

அக்கா பிழையாகச் சொல்லியிருக்கவும் கூடும். பெடியன் உண்மையாகவே கல்லுத்தான் பார்க்கிறானோ என்னவோ.

வெள்ளைக்காரப் பிள்ளை என்றாலும் பரவாயில்லை, ஆர் என்றாலும் பரவாயில்லை. மறுப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முன்னப்பின்னத் தெரியாத சனத்திடம் மூன்று தரம் கேட்கிறவன், என்னிடம் ஒருக்கால் கேட்டிருக்கலாம்.