வாங்கித் தின்னாத லாப்ரடார்

இன்று மதியம் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்து வீட்டு லாப்ரடார் குட்டி கம்பிக் கதவின் இடுக்கில் மூக்கை நுழைத்துவிட்டது. சுண்டக் காய்ச்சிய பாலின் வாசனைக்கு அந்த மூக்கு துடித்த துடிப்பைப் பார்த்து என் மகள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. குட்டி மீதல்ல, உன் மீது.

செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து யார் உன் பேச்சை எடுத்தாலும் "நல்ல மனுஷன்" என்று தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல மனுஷன்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியாதா? ஆனால் உன் நாய் டைகர் விஷயத்தில் நீ செய்தது அநியாயம். அதை உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் போனது. இப்போது சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பதும் ஒரு வசதி.

நீ ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்தாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கிளார்க். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அரைக் கிலோ பால்கோவாவோடு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் வீட்டில் எப்போதும் ராஜபாளையம் நாய்தான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். கேப்பைக் கூழில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் திரும்பிப் பார்க்காமல் போகிற கௌரவம் அதற்கு. வருகிறவர்களிடமெல்லாம் உனக்கு ஒரே பெருமைதான். "எங்க வீட்டு நாயி வேத்தாள் கையில பச்சத் தண்ணிகூடக் குடிக்காது பாத்துக்கோ!"

பிறகு ஒருநாள் அந்த வெள்ளை நாயை யாரோ கறியில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். தறிக்கூடத்துக்குப் பின்னால் நுரை தள்ளிக் கிடந்தது. நீ அன்று அழவில்லை. வேற்றாள் கையில் தின்னாத நாய் தின்றுவிட்டதே என்றுதான் உனக்கு அவமானம். ஊரில் எவனாவது கேட்டுவிடுவானோ என்று ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே நீ போகவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் மில் என்ஜினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் லாப்ரடார் குட்டியை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். எண்பதுகளின் கடைசி. நம் பக்கத்தில் அந்த ஜாதி நாயை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தேன் நிறம், தொங்கின காது, உருட்டி வைத்த மாதிரி உடம்பு. நீ அதற்கு டைகர் என்று பேர் வைத்தாய். அதுவோ தபால்காரரைக் கண்டால் வாலை ஆட்டுகிற ஆட்டத்தில் இடுப்பே ஆடும். பால்காரர், மீன்காரி, கரண்ட் பில் எடுக்க வருகிறவர் எல்லாரும் அதற்குச் சொந்தக்காரர்கள்.

அது தின்ற தீனியைச் சொன்னால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேப்பைக் களி, மாம்பழக் கொட்டை, மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, துவைக்கிற சோப்பில் பாதி, உன் மனைவி சாமிக்கு உடைத்து வைத்த தேங்காய் மூடி. தட்டு காலியான பிறகும் அதை நக்கி நக்கி வாசல்வரை தள்ளிக்கொண்டு போகும். பின்பு தட்டையே வாயில் கவ்விக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடும். வயிறு நிறைந்தது என்கிற சேதி அதன் மூளைக்குப் போனதே கிடையாது. ஆனால் வாய் அவ்வளவு மெது. கோழி இட்ட முட்டையைக் கவ்விக் கொண்டுவந்து உன் மனைவியின் காலடியில் கீறல் இல்லாமல் வைத்தது. முதல்முதலில் என் கையிலிருந்து பால்கோவா வாங்கியபோது பல்லே படவில்லை, நாக்கின் சூடு மட்டும்தான் பட்டது.

அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை.

உன் வீட்டில் குட்டிகளைப் பழக்க ஒரு முறை வைத்திருந்தீர்கள். வெளியாள் ஒருவர் தின்பண்டத்தை நீட்ட வேண்டும். குட்டி வாயைக் கொண்டுபோனதும் வீட்டுக்காரர் புளிய விளாரால் ஓர் அடி போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே பண்டத்தை வீட்டுக்காரர் தன் கையால் ஊட்ட வேண்டும். ராஜபாளையம் குட்டிக்கு இரண்டு மூன்று தடவை போதும். அதன் ரத்தத்திலேயே வேற்றாளைப் பிடிக்காது. டைகருக்கு என்ன தெரியும்? அதற்கு வேற்றாள் என்றே ஒருவர் கிடையாதே.

அந்த வெளியாளாக நீ என்னைப் பிடித்தாய்.

"நீதாம்லே சரியான ஆளு. உன்னயக் கண்டா அதுக்கு உசுரு. உன் கையில வாங்கலேன்னா பொறவு எவன் கையிலயும் வாங்காது."

நான் நீட்டினேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. விளார் விழுந்தது. அது கத்தியது. கத்திவிட்டு, நீ ஏதோ தவறிப்போய் அடித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் என் கைக்கே வந்தது. அன்று ஒரே சாயங்காலத்தில் எத்தனை தடவை! அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். உன் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவே மாட்டாள். பாத்திரத்தை மட்டும் டமார் டமாரென்று வைப்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அடிச்சுப் பழக்குன வெள்ளையே தின்னுட்டுத்தானடா செத்துச்சு? இதப் போட்டு ஏன்டா கொல்லுத?"

நீ விளாரைத் துடைத்தபடி சொன்னாய். "அது என் தப்புடா. அத அடிச்ச அடி பத்தல."

அந்த நிமிடமே நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. உனக்கு வெள்ளை நாயின் சாவு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய். உன் சிநேகிதம் போய்விடுமே என்ற பயம்தான். மழைக்காலம் முடிவதற்குள் டைகர் கற்றுக்கொண்டுவிட்டது. நான் பால்கோவாவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைவாயில் எச்சில் நூலாக இறங்கும். கண் மட்டும் ஓரமாக என் கையைப் பார்க்கும். நீ கை தட்டிச் சிரித்தாய். "பாத்தியா, லாப்ரடார ராஜபாளையம் ஆக்கிட்டேன்!"

அதன்பின் உன் கை தவிர வேறு கை அதற்கு இல்லை. உன் மனைவி தட்டில் வைத்தாலும் தொடாது. நீ பிளவக்கல் அணைப் பக்கம் தோப்பைப் பார்க்கப் போய் இரண்டு நாள் தங்கினால் அதுவும் இரண்டு நாள் பட்டினி. அதையும் நீ கடைத்தெருவில் பெருமையாகச் சொன்னாய்.

மதுரைக்குப் போன இடத்தில் உனக்கு மாரடைப்பு. நாற்பத்து நான்கு வயது. ஆம்புலன்ஸில் உன்னைக் கொண்டுவந்து இறக்கியபோது டைகர் உன் கையை முகர்ந்து பார்த்தது. உள்ளே போய் உன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இது ஒண்ணும் திங்க மாட்டேங்குது. தண்ணி மட்டும் குடிக்கி. அவியதான் போயிட்டாவ, இதயும் சாகக் குடுக்கணுமா?"

கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கறிச்சோறு, முட்டை, பால். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக் கெஞ்சினேன். எந்தக் கை? அதை அடிபட வைத்த அதே கை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. உன் மனைவியும் அவள் தங்கையும் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு "சாப்பிடுடா, சாப்பிடுடா" என்று அழுதார்கள். கால்நடை டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். "லாப்ரடார் பட்டினி கெடக்குன்னு சொன்னா எந்த டாக்டரும் நம்ப மாட்டான் சார்" என்றார். பத்தாம் நாள் அதன் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. உன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அதைக் கழற்றித் தூக்கி எறியலாமா என்றிருந்தது எனக்கு.

பதினோராம் நாள் உன் அறையில் உனக்குப் படையல். உனக்குப் பிடித்தது எல்லாம் தலைவாழை இலையில்: சுக்கா, கோழிக் குழம்பு, வடை, கேசரி, நான் வாங்கி வந்த பால்கோவா, பக்கத்தில் உன் சிகரெட் ஒன்று. செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே முதுகைக் காட்டி நின்றோம். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை.

கதவைத் திறந்தபோது இலை பளபளவென்று இருந்தது. சிகரெட்டைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இலையின் ஓரத்தையும் கடித்திருந்தது. டைகர் நடுவில் நின்றுகொண்டு, கால் நடுங்க, எங்களைப் பார்த்தது.

"படையல்ல வாய வச்சிருச்சே சனியன்!" என்று உன் பெரியப்பா மகன் மூலையில் இருந்த கம்பை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அடிச்சீய, பொறவு நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது." அவர் கம்பைக் கீழே போட்டார். உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியோடு மிச்சக் குழம்பை எடுத்து வந்து அறைக்குள் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். உன் பங்கு நாய்க்குப் போனதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. நீ பட்டினியாகத் திரும்பிப் போயிருந்தாலும் சம்மதம்தான்.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. கை நீட்டக் கூடாது, பார்க்கவும் கூடாது. மனுஷன் கண் படாத இடத்தில்தான் அது தின்னும். அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னோடு கூட்டிவந்தேன். ஆறு வருடம் இருந்தது. என் காலடியில் தூங்கும், என் மடியில் தலை வைக்கும், என் செருப்பைக் கவ்விக் கொண்டுவரும். சோறு மட்டும் என் கண் முன்னால் தின்னாது. தட்டை வைத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். பின்னால் அது தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இன்றும் தெருநாய்க்கு ஒரு பிஸ்கட் போட்டால்கூட, கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன். மகள் கேட்டால் காரணம் சொல்வதில்லை.

கடைசி நாள் காலையில் அதனால் எழுந்திருக்க முடியவில்லை. பாலைக் கிண்ணத்தில் ஊற்றி அதன் வாயருகே வைத்துவிட்டு, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நக்குகிற சத்தம் வரவில்லை. குடித்துவிடும், குடித்துவிடும் என்று வெகுநேரம் திரும்பாமலே இருந்தேன். திரும்பியபோது பால் அப்படியே இருந்தது. டைகர் போய்விட்டிருந்தது. எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.

உன் கையாக இருந்தால் ஒரு வாய் வாங்கியிருக்கும். அதைத்தான்டா என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.