பாதிக்கும் மேல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். மதியத்துக்கு மேல் மேகம் கூடி, தூறாமலே கலைந்தது. ஞாயிறு மாலை பட்டிமன்றம், கோட்டையூர் மண்டபத்தில். ‘அமெரிக்க வாழ்க்கை வரமா, வதையா?’ நான் வதை அணி. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் என்பதால் எண்கள் எல்லாம் என் பொறுப்பு. துப்பாக்கிச் சாவு, ஆஸ்பத்திரி பில், படிப்புக் கடன், இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு. எல்லாம் அந்த நாட்டிலேயே வெளியிட்டவை. எதிரணியால் அசைக்க முடியாது.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். ப்ளவுஸ் இன்னும் தையல்கடையில்.

ஆகஸ்ட் 13, புதன்

ஹாலில் நின்று சத்தமாகப் பேசிப் பார்த்தேன். பிரமாதம், குறிப்பாகத் துப்பாக்கிப் பகுதி. திரும்பினால் வாசலில் பக்கத்து வீட்டு மீனாட்சி ஆச்சி, கையில் கறிவேப்பிலை. எவ்வளவு நேரம் நின்றாரோ. அவருடைய ஒரே மகன் சொக்கு டெக்சாஸில்.

“ஏம்மா தேவி, வருசத்துக்கு அம்புட்டுப் பேரா அங்க குண்டடி பட்டுச் சாகுறாக?”

“பயப்படாதீக ஆச்சி. எல்லாம் ரோட்டுல போறவுகளை எவனோ சுடுறதுன்னு நெனச்சுறாதீக. பாதிக்கும் மேல தன்னைத்தானே சுட்டுக்கிட்டவுக.”

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்பு. ஆச்சி முகம் சட்டென்று மாறிவிட்டது. கறிவேப்பிலையைக் கொடுக்காமலே போய்விட்டார்.

சாம்பாரில் உப்பு அதிகம். மனம் சரியில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான் காபி போடும்போதே ஆச்சி வந்துவிட்டார். தூங்காத கண்.

சொக்குவின் மனைவி பிரிந்து போனது எனக்குத் தெரியும். தெரியாதது: கொஞ்ச நாளாக அவன் போனில் பேசுவதே இல்லை. ‘நல்லா இருக்கேன் ஆத்தா’ என்று மெசேஜ் மட்டும்.

“நீ சொன்ன கணக்குல, தனியா இருக்க ஆம்பளைக எம்புட்டுப் பேரு?”

ஆண்கள்தான் அதிகம். தெரியும். சொல்லவில்லை.

“ஆச்சி, அது ஊருக்குப் போட்ட கணக்கு. சொக்கு எப்படி இருக்கான்னு அதுல தெரியாது. அவன்கிட்டயே கேப்போம். சுத்தி வளைக்காம கேளுங்க.”

“கேட்டா, நாமளே அந்த நெனப்பை ஊட்டுன மாதிரி ஆயிறாதா?”

“ஆகாது. காலேஜுல எங்களுக்கு இதுக்குப் பயிற்சியே குடுத்தாக. கேட்டா அவனுக்குப் பாரம்தான் கொறையும்.”

அங்கே முந்தின நாள் ராத்திரி. வீடியோ அழைப்பு. முதலில் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். எடுத்தான். தாடி, இருட்டு அறை.

ஆச்சி ‘சாப்பிட்டியா’ கூடக் கேட்கவில்லை. “சொக்கு, செத்துப் போகணும்னு நெனப்பு எதுவும் வருதாப்பா?”

திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, “யாரு ஆத்தா சொன்னா?” என்றான். அழ ஆரம்பித்தான். ஆச்சி அழவில்லை. “அழு, அழு. நான் இருக்கேன்” என்றார், திரையைத் தடவிக்கொண்டே.

வேலையும் போய்விட்டதாம். சொல்ல வெட்கமாம். நான் போனை வாங்கி, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பாதுகாப்புக்கு வாங்கினானாம். பக்கத்தில் இருக்கும் நண்பனின் எண்ணை வாங்கி, என் போனில் அவனை அழைத்தேன். அவன் வந்து கதவைத் தட்டும்வரை ஆச்சி லைனை விடவில்லை.

கல்லூரிக்கு அரைநாள் லீவு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்லூரியில் கொடியேற்றம், மிட்டாய். நண்பன் துப்பாக்கியை எடுத்துப் போய்த் தன்னிடம் பூட்டி வைத்திருக்கிறான். அங்குள்ள உதவி எண்ணில் சொக்கு பேசியிருக்கிறான். டாக்டரைப் பார்க்கச் சனிக்கிழமைக்கு நாள் வாங்கியாயிற்று. ஆச்சி இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிப்பேர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள். மேடையேறுமுன் அணித்தலைவர், “துப்பாக்கிக் கணக்கைச் சொல்லி, ‘தெருவுல நடக்க முடியுமா?’ன்னு ஒரு போடு போடுங்க. கைதட்டு பிச்சுக்கும்” என்றார்.

போடவில்லை. எண்ணை முழுதாகச் சொன்னேன். பாதிக்கும் மேல் யார் என்பதையும் சொன்னேன். “உங்க பிள்ளைககிட்ட மெசேஜ் வாங்காதீக. குரலைக் கேளுங்க. சந்தேகம்னா நேராவே கேட்டுருங்க” என்று உட்கார்ந்தேன். சொக்கு பெயர் எடுக்கவில்லை. கைதட்டலும் இல்லை.

நடுவர் தீர்ப்பு: வரம்.

“நம்ம பக்கத்தை நீங்களே கவுத்துட்டீகளே டீச்சர்!” அணித்தலைவருக்குக் கோபம்.

“கவுந்தா கவுந்துட்டுப் போகுது சார்.”

துளி வருத்தமில்லை. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

விடியலில் நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர். சொக்கு டாக்டரைப் பார்த்துவிட்டான். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, தாடி அப்படியே.

அவனை ஊருக்கு வரச் சொல்வதுதானே என்றேன். ஆச்சி வேண்டாம் என்று தலையாட்டினார். சொக்கு கல்யாணத்துக்கு அங்கே போனபோது தனக்கு எடுத்த விசா இன்னும் செல்லுமாம்.

“அவன் இங்குட்டு வந்தா ஊரே கேக்கும், வேலை என்னாச்சு, பொண்டாட்டி என்னானு. நான் அங்குட்டுப் போறேன். அங்க நான் ஒருத்திதான். நானும் கேக்க மாட்டேன்.”

டிக்கெட் பார்க்க உட்கார்ந்தோம். ஜன்னலோர இருக்கைதான் வேண்டுமாம்.