கிணற்றடி எஞ்சின்

மார்ச் 20, புதன்

விடியலில் பனி, பத்து மணிக்கே சுடும் வெயில். காரைக் கழுவினேன். பின் சீட்டில் கோழி எச்சம், இரண்டு இடத்தில்.

பெங்களூரிலிருந்து ரசாக் பாய் வந்தார். பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கும் ஒரு எஸ்டேட் முதலாளியின் மெக்கானிக். எங்கள் வண்டியைப் பார்த்து மதிப்புச் சொல்ல வந்தவர். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, இரண்டு கண்ணிலும் புரை, இனி வாடகைக்கு ஓட்ட முடியாது. கார் நல்ல விலைக்குப் போனால் ஜூனில் நான் வாத்தியார் வேலைக்கான பி.டி. படிக்க மெட்ராஸ். போகாவிட்டால் பி.ஏ.வோடு வீட்டில்.

பாய் அரை மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். பிறகு ஆர்.சி. புத்தகத்தை நான் படிக்க, எஞ்சின் நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். ஒத்துவரவில்லை. இருப்பது மிலிட்டரி லாரி எஞ்சின். யுத்தம் முடிந்து ஏலத்தில் நைனா எடுத்துப் போட்டது. அது உட்காருவதற்காக அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டிய இடத்தைப் பாய் காட்டினார். பானெட்டும் இரண்டு விரல் தூக்கியிருக்கிறது. இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் நான் கவனித்ததில்லை.

"ஒங்க நைனா கை நல்ல கைம்மா. சூளகிரி மேட்டுல எட்டுப் பேர ஏத்திக்கிட்டுப் போவும் இது. ஆனா மொதலாளி ஓட்டறதுக்கா வாங்கறாரு? கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படி வேணும் அவருக்கு. பழைய எஞ்சின் எங்க?"

நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாரி எஞ்சினோடு என்றால் டாக்சிக்காரன் கொடுக்கும் விலைதானாம். பழைய எஞ்சினும் கூடக் கிடைத்தால் மூன்று மடங்கு.

மார்ச் 21, வியாழன்

பழைய எஞ்சின் இருக்குமிடம் நைனா, அம்மா, நான், மூவருக்கும் தெரியும். காவேரிப்பட்டினத்தில், அக்கா வீட்டுக்காரரான மாமாவின் கிணற்றடியில். ராஜம்மா அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் இறைக்க எஞ்சின் கேட்டார்கள். மேட்டில் கொதிக்கிற எஞ்சின்தானே என்று நைனா காரிலிருந்து கழற்றிச் சீராகக் கொடுத்தார். மற்றச் சீரோடு அதற்கும் மஞ்சள் குங்குமம்.

அக்கா தவறிப்போய் ஐந்து வருஷம். மகள் பொன்னி பிறந்த பன்னிரண்டாம் நாள். நான் இண்டர்மீடியட் சேர்ந்த வருஷம் அது. மாமாவுக்கு என்னைக் கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படிக்கிற பிள்ளை என்று நைனா மறுத்துவிட்டார். மாமா வேறு கட்டிக்கொண்டார். அப்படியும் வருஷா வருஷம் சித்திரையில் பொன்னியை ஒரு மாதம் எங்களிடம் விடுகிறார்.

எஞ்சினைக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். நைனா சாப்பாட்டில் கை வைக்காமல் சொன்னார்:

"குடுத்த சீரத் திருப்பிக் கேட்டா ஒறவு அத்துதுன்னு அர்த்தம். அப்புறம் கொழந்தய அனுப்புவானா அவன்? இந்தப் பேச்சே வேணாம்."

மார்ச் 30, சனி

காற்று, புழுதி. பாயிடமிருந்து கார்டு. முதலாளி வேறொரு வண்டியும் பார்த்திருக்கிறாராம், சீக்கிரம் முடிவு வேண்டுமாம்.

அம்மா பொன்னிக்குப் பாவாடை தைக்கிறாள். அளவு குத்துமதிப்பு.

பி.டி. விண்ணப்பம் நிரப்பினேன். தபாலில் போடவில்லை.

ஏப்ரல் 3, புதன்

கிருஷ்ணகிரியில் கூடப் படித்தவளைப் பார்க்கப் போவதாகப் பொய். காவேரிப்பட்டினம் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் இந்த வாரம் வந்த புதுப் பைசாவில் சில்லறை கொடுத்தார். பக்கத்தில் ஒரு கிழவர், "இது செல்லுமா, இல்ல பொத்தானா?"

எஞ்சின் கிணற்றடியில் கீற்றுக் கொட்டகைக்குள் சும்மா கிடந்தது. பொங்கலுக்கு முன்பே கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு நிம்மதி. மண்ணைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

மாமா கொட்டகைக் கீற்றை விலக்கி எஞ்சினைப் பார்த்தார். பிறகு கேட்டார், "மாமனார் சொல்லி அனுப்பிச்சாரா?"

இல்லை, நானாக வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"அப்ப எடுத்துக்கங்க. லாரியில ஏத்தி உடறேன்."

அவ்வளவு சுலபமாக. சின்னக்கா (மாமாவின் இப்போதைய மனைவி) மோர் கொடுத்தாள். பொன்னிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது.

திரும்பும் வழியில் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எஞ்சின் வந்து இறங்கியது. நைனா உட்கார்ந்து இரண்டு கையாலும் தடவினார். பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

"நீ போனியா?"

ஆமாம்.

"எம் பேரச் சொன்னியா?"

ஆமாம்.

அன்றைக்கு நைனா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ரசாக் பாய் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டார். ஒவ்வொரு எண்ணும் சரி. மூன்று மடங்குக்கே பேச்சு முடிந்தது. பழைய எஞ்சினை வேறு லாரியில் ஏற்றினார்கள், காரைப் பாய் ஓட்டிக்கொண்டு போனார். நைனா சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றார். பிறகும் நின்றார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பொன்னியை அழைத்துவரப் போனேன். நைனா வேண்டாம் என்றார், அம்மா போ என்றாள்.

நல்ல சாப்பாடு போட்டார்கள். வடை, பாயசம். வெளியே வந்தால் வாசலில் மாட்டு வண்டி கட்டி நிற்கிறது. அதில்:

பித்தளைத் தவலை 2
அண்டா 1
குத்துவிளக்கு 1 ஜோடி
அக்காவின் டிரங்குப் பெட்டி
கட்டில், பிரித்துக் கட்டியது

மாமா கோபமாகப் பேசவில்லை. ஒன்றைத் திருப்பிய பிறகு மற்றச் சீரை வைத்துக்கொள்வது மரியாதை இல்லை என்றார். பொன்னி இனி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. நைனா அனுப்பவில்லை, கேட்கவே கூடாது என்றுதான் சொன்னார், நானாகத்தான் வந்தேன் என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா, சின்னப் பொண்ணு ஏதோ கேக்குதுன்னு சிரிச்சுட்டுக் குடுத்திருப்பேன். இப்ப எஞ்சின் போனத ஊரே பாத்திருச்சு. பங்காளிங்க எல்லாம் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க."

அதற்குள் பொன்னி துணிப் பையோடு வண்டியில் ஏறித் தவலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாமா அவளைத் தூக்கிக் கீழே விட்டார். மறுபடி ஏறினாள். மறுபடி தூக்கி இறக்கினார்.

அழவில்லை. மாமாவைக் கேட்டாள்:

"அம்மா சாமானெல்லாம் போவுது. நானும் அம்மாதுதான?"

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். ஓட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன்.