தோசைக் கனத்துக்குள் ஒரு முகம்

மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடும் என் எப்சி மதினிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் இருக்கிற இடத்தில் நலத்துக்கு என்ன குறை? எனக்குத்தான் இங்கே வயிறு எரிகிறது. ஊர் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் இதை உரக்கவே எழுதுகிறேன்.

உங்கள் கல்லறைக்குக் கல் வந்துவிட்டது மதினி. அடுத்த மாதம் உங்கள் முதல் நினைவு நாள் அல்லவா, அதற்குள் நட்டுவிட வேண்டும் என்று அண்ணன் பழனிசெட்டிபட்டியில் ஒரு கிரானைட் கடையில் சொல்லி வைத்திருக்கிறார். கூடப்பிறந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பளபளவென்று கறுப்புக் கல். அதில் கம்ப்யூட்டர் மெஷினை வைத்து உங்கள் போட்டோவைப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் போட்டோ என்று அவர்கள்தான் சொல்கிறார்கள்.

அந்த அம்மாள் யாரோ! மாவு அப்பின முகம், கழுத்து நிறைய நகை, உங்கள் பீரோவில் ஒருநாளும் இருந்திராத பட்டுச்சேலை. எல்லாம் ஸ்டுடியோவில் ஒட்டினதாம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கண்ணாடியைக் காணோம் மதினி. தூங்கும்போது தவிர, கண்ணாடி இல்லாத உங்கள் முகத்தை நான் எப்போது பார்த்தேன்?

"கண்ணாடி எங்க தம்பி?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"வெளிச்சம் அடிச்சிருந்துச்சுக்கா, எடுத்துட்டோம். பாத்தவுக எல்லாம் மகாராணி கணக்கா இருக்காகன்னுதான் சொன்னாக."

"இவுக எந்த ஊருக்கு மகாராணி? இவுக கல்லுக் கொத்துனவுக!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

நம் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் கைவேலைதான். லில்லிப்பூ, புறா, திறந்து வைத்த வேதாகமம், ஆட்டுக்குட்டி. யார் யார் தலைமாட்டுக்கோ இடுப்பு ஒடியக் குனிந்து உட்கார்ந்து கொத்தினீர்கள். உங்கள் தலைமாட்டுக்கு மட்டும் மெஷினா? இது எந்த ஊர் நியாயம்?

நாம் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கோபத்தில்தானே. ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தோம். உத்தமபாளையம் ரோட்டில் இருக்கும் கல் பட்டறைக்காரர், கல்லறைக் கல்லுக்கு லில்லிப்பூ டிசைன் வேண்டும் என்று வந்தார். தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, துணியில் செய்கிற மாதிரியே கல் மேல் வைத்துப் பொடி தேய்த்துக் கொடுத்தோம். மனுஷன் கோட்டின் மேலேயே கோடு கீறி வைத்துவிட்டார். "இது பூ இல்ல ராணி, பூவோட விலாசம்" என்றீர்கள். அந்த வாரமே உளியும் சுத்தியலும் வீட்டுக்கு வந்துவிட்டன.

மாக்கல்லில்தான் பழகினோம். பூவைக் கொத்தக் கூடாது, பூவைச் சுற்றி இருக்கிற கல்லை இறக்க வேண்டும் என்பது புரியவே நமக்கு எத்தனை கல் வீணாயிற்று! புரிந்த பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. சுற்றிலும் தோண்டித் தள்ளிவிட்டேன். பூ கொழுக்கென்று புடைத்து நின்றது. நீங்கள் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஏ ராணி, தோசை கேட்டா வடை சுட்டு வச்சிருக்க!"

அன்றிலிருந்து அதுதான் நம் அளவு. பூவோ புறாவோ, எல்லாம் ஒரு தோசைக் கனத்துக்குள் அடங்க வேண்டும். அந்தக் கனத்துக்குள் கிட்டத்து இதழையும் தூரத்து இதழையும் எப்படிக் காட்டுவது என்று நான் முழித்தபோது டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினீர்கள். "ஒசரம் வேணாம் ராணி. எது எதை மறைக்குதோ அது முன்னால நிக்கும். அம்புட்டுத்தான்."

நீங்கள் போன பிறகு உங்கள் முகத்தை ஒரு மாக்கல்லில் கொத்தினேன். பக்கவாட்டு முகம்தான். நேர் முகம் நமக்கு வந்ததே இல்லையே! சபை மூப்பர் ஐயா முகத்தை நேராகக் கொத்தப் போய், மூக்கின் மேல் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஆனதும், அவர் மனைவி சிரித்த சிரிப்பும் மறக்குமா? ஆனால் பக்கவாட்டில் நீங்கள் அப்படியே வந்தீர்கள். அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவரும் வாங்கிப் பார்த்தார். இப்போது கிரானைட்டுக்குப் போயிருக்கிறார்.

கடையிலிருந்து நேராக அவரிடம்தான் போனேன். "ஏண்ணே, நான் கொத்துன கல்லு இருக்கையில ஒனக்கு மெஷின் கல்லு கேக்குதோ?"

அண்ணன் சொன்னார்: "ஒன் கல்லுல அவ அங்கிட்டுப் பாக்குறா ராணி. என்னையப் பாக்கவே மாட்டேங்குறா."

சண்டை போடப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கோபம் போகவில்லை மதினி. பார்க்க வேண்டும் என்றால் என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? "இந்தப் பட்டுச்சேலைக்காரி ஒன்னையப் பாக்கத்தான் செய்றா. ஆனா அவளுக்கு நீ யாருன்னே தெரியாதுண்ணே" என்றேன்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நேராப் பாக்குற மாதிரி நீயே கொத்து. மூக்கு மட்டும் சப்பையாச்சு, சும்மா விட மாட்டேன்."

வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து ஒரு மாக்கல்லில் நேர் முகம் கொத்திப் பார்த்தால் மூக்கு படுத்தே கிடக்கிறது. நிமிர்த்தினால் வடை. உளியை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான், முகத்தை முடித்துவிட்டுக் கடைசியில் மாட்டலாம் என்று விட்டுவைத்த கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. எது எதை மறைக்குதோ! கண்ணாடியின் நடுக்கம்பி மூக்கின் மேல் ஏறி உட்காரும்படியும், விளிம்பு கன்னத்தைக் கொஞ்சம் மறைக்கும்படியும் கொத்தினேன். மூக்கு எழுந்துவிட்டது மதினி. ஒரு நூல்கூடக் கனம் கூட்டவில்லை. எதை அந்த ஸ்டுடியோவில் வேண்டாம் என்று அழித்தார்களோ, அதுதான் உங்கள் முகத்தைத் தூக்கி நிறுத்தியது. நினைக்க நினைக்க இன்னும்தான் ஆத்திரம் வருகிறது.

கிரானைட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். எடுக்க வேண்டாம். அதன் முதுகு மெருகு போடாமல் சொரசொரவென்று சும்மாதானே கிடக்கிறது? அதில்தான் கொத்தப் போகிறேன் என்றதும் கடைக்காரர் பதறிவிட்டார். "ரெண்டு விரக்கடைக் கல்லுக்கா இது. இதுல செலை எப்பிடி வரும்? ஒடஞ்சு போகும்."

"ஒரு தோசைக்கு எடம் இருக்குல்ல தம்பி? போதும்."

இப்போது கல் என் வீட்டு முற்றத்தில் குப்புறக் கிடக்கிறது. மாக்கல் மாதிரி இது இணங்கிப் போகிற கல் இல்லை. உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆடிக் காற்று வேறு, கல் தூளைக் கண்ணில் அடிக்கிறது. உங்கள் பழைய கண்ணாடியைத்தான் மாட்டிக்கொள்கிறேன். பவர் சேரவில்லை, தலை வலிக்கிறது, ஆனாலும் கழற்றவில்லை.

நினைவு நாளுக்குள் முடியாது. அன்றைக்கு வெறும் மண்ணுக்குத்தான் பூ வைப்போம், பார்க்கிறவர்கள் பேசட்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் முடிப்பேன் மதினி, இது சத்தியம். கண்ணாடியோடு, அதைக் கழுத்தில் தொங்கவிடுகிற நூலோடு, அண்ணனை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி உங்களை நிறுத்துவேன். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுகிற திசை பார்த்து நடுவோம். அந்த மகாராணி மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

ஒருவேளை மூக்கு வடையாகிவிட்டால், என்னைத் திட்டவாவது ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் நாத்தனார்,
ராணி